சோழவரத்தில் சீறிய கோவை "கரி": பணக்காரர் பந்தயத்தை மாற்றிக் காட்டியவர்!

சோழவரம் என்றால் இன்று பலருக்கு ஏரிதான் ஞாபகம் வரும். ஒரு காலத்தில் சோழவரம் என்றாலே கார் ரேஸ்தான்! அந்த ரேஸ் திடலில் சக்கைப்போடு போட்டவர்களில் ஒருவர் கோவை கரிவர்தன். ரேஸ் வட்டாரத்தில் அவரை "கரி" என்றால்தான் தெரியும்.

காரை வேகமாக ஓட்டியதற்காக மட்டும் அவர் பெயர் நிலைக்கவில்லை. காசு உள்ளவன்தான் ஜெயிப்பான் என்றிருந்த ரேசை அவர் மாற்றினார். அதுதான் அவர் செய்த பெரிய காரியம்.

போர்க்கால ரன்வே

செங்குன்றத்தைத் தாண்டி, கும்மிடிப்பூண்டி போகும் ஜி.என்.டி. ரோட்டில் இருக்கிறது சோழவரம். இரண்டாவது உலகப் போரின்போது இங்கே ராணுவ விமானங்களுக்காக ரன்வே போட்டார்கள். போர் முடிந்தது. விமானங்கள் போய்விட்டன. ரன்வே சும்மா கிடந்தது.

1953-ல் சென்னையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உதயமானது. கிளப்காரர்களின் கண் இந்த ரன்வே மீது விழுந்தது. அப்புறம் என்ன? கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பறக்க ஆரம்பித்தன.

ஓட்டியவர்கள் யாரும் சம்பளத்துக்கு ஓட்டியவர்கள் அல்ல. மற்ற நாட்களில் தொழில், வியாபாரம். ரேஸ் நாளில் தலையில் ஹெல்மெட்! இலங்கையில் இருந்துகூட வீரர்கள் வந்தார்கள். சென்னையில் இருந்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து வெயிலில் நின்று பார்த்தார்கள்.

அப்போது சோழவரம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1997-ல்தான் திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனது.

நேர் ரோட்டில் பணம் ஜெயித்தது

விமானம் ஓடுவதற்குப் போட்ட ரன்வே நீளமாக, நேராக, சமதளமாக இருக்கும். அந்த நேர் ரோட்டில் எஞ்சின் பலம் உள்ள கார் முந்திவிடும். வளைவில் எவ்வளவு சாமர்த்தியம் காட்டினாலும், அடுத்த நேர் ரோட்டில் பெரிய எஞ்சின் "விர்"ரென்று தாண்டிப் போய்விடும்.

பலமான எஞ்சின் வேண்டுமானால் வெளிநாட்டுக் கார் வேண்டும். அன்றைய இறக்குமதிக் கெடுபிடியில் அது லேசுப்பட்ட காரியமா? கோண்டல் மகாராஜா போன்றவர்கள் கொண்டு வந்தார்கள். 1980-களில் தொழில் அதிபர் விஜய் மல்லையா, பார்முலா-1 ரகத்தைச் சேர்ந்த என்சைன் காரையே கொண்டு வந்து சோழவரத்தில் ஓட்டினார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

மற்றவர்கள் நம் ஊர் பியட்டையும் ஹெரால்டையும் பிரித்துப் போட்டு, எஞ்சினை முறுக்கேற்றி மல்லுக்கட்டினார்கள்.

பட்டறையில் பிறந்த கார்

கரிவர்தன் 1954-ல் பிறந்தவர். கோவையில் மில் தொழில் நடத்திய பெரிய குடும்பம். அவர் நினைத்திருந்தால் வெளிநாட்டுக் காரிலேயே காலத்தை ஓட்டியிருக்கலாம். அவருக்கோ ஓட்டுவதைப் போலவே காரைப் பிரித்துப் பார்ப்பதிலும், புதிதாகச் செய்து பார்ப்பதிலும் ஆசை.

கோவையில் லேத் பட்டறைக்கும் பவுண்டரிக்கும் பஞ்சமே கிடையாது. பம்ப் செட்டும் நூல் மில் எந்திரமும் செய்து பழகிய கைகள் நிறைய. ரேஸ் காரும் இங்கேயே செய்யலாமே என்று கரி துணிந்தார்.

1983-ல் மாருதி 800 கார் விற்பனைக்கு வந்தது. 796 சி.சி., 3 சிலிண்டர் எஞ்சின். சின்ன எஞ்சின்தான். ஆனால் உதிரி பாகம் எங்கும் கிடைக்கும். மெக்கானிக்குக்கும் பழகிய சரக்கு. அந்த எஞ்சினை இரும்புக் குழாய்களால் ஆன சட்டத்தில் பொருத்தி, பைபர் உடல் கட்டி, ஒருவர் மட்டும் உட்காரும் ரேஸ் காரை உருவாக்கினார். 1980-களின் கடைசியில் வந்த இதுதான் "பார்முலா மாருதி".

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எல்லாருக்கும் ஒரே மாதிரி கார், ஒரே எஞ்சின். இனி யாரிடம் பணம் அதிகம் என்பது கேள்வி இல்லை. யார் கெட்டிக்காரத்தனமாக ஓட்டுகிறார் என்பதுதான் கேள்வி.

அப்போதும் ரேஸ் ஏழைக்கு எட்டாத பழம்தான். ஆனால் மகாராஜாவும் ஆலை அதிபரும் மட்டுமே பறித்த பழம், சாதாரண வீட்டுத் திறமைசாலிகளின் கைக்கும் கொஞ்சம் எட்டியது. கரி தானே கார் செய்து, மற்றவர்களை அதில் உட்கார வைத்தார். இளைஞர்களைத் தட்டிக் கொடுத்தார்.

பார்க்காமலே போனார்

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ரேசுக்கென்றே தனித் தளம் திறக்கப்பட்டது. சோழவரம் ரன்வேயில் ஆரவாரம் ஓய்ந்தது. பார்முலா மாருதி கார்கள் புதுத் தளத்தில் சீறின.

அந்தக் கார்களில் ஓட்டிப் பழகியவர்களில் ஒருவர் கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன். கரி ஊக்கம் கொடுத்து வளர்த்தவர்களில் அவரும் ஒருவர்.

1995-ல் இடி போல் செய்தி வந்தது. சிறிய ரக விமானம் விழுந்து நொறுங்கியதில் கரிவர்தன் பலியானார். அப்போது அவருக்கு 41 வயது. கோவையே சோகத்தில் மூழ்கியது.

சரியாக 10 ஆண்டு கழித்து, 2005-ல், நரேன் கார்த்திகேயன் பார்முலா-1 பந்தயத்தில் ஜோர்டான் குழுவுக்காக ஓட்டினார். அந்தப் பந்தயத்தில் கால் வைத்த முதல் இந்தியர் அவர்தான். கண் குளிரப் பார்க்க வேண்டிய கரி அதைப் பார்க்க இல்லை.

கோவை செட்டிப்பாளையத்தில் அமைந்த ரேஸ் தளத்துக்குக் கரிவர்தனின் பெயரையே வைத்தார்கள். அங்கே புதுப் பையன்கள் ஹெல்மெட் மாட்டிக் கொண்டு காரில் ஏறும்போதெல்லாம், வாசலில் அவர் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள்.