தரங்கம்பாடி மணலில் தமிழ் பயின்ற சீகன்பால்கு

1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி. சோழமண்டலக் கரையிலுள்ள தரங்கம்பாடிக்கு டென்மார்க்கிலிருந்து கப்பல் ஒன்று வந்து சேர்ந்தது. அதில் வந்த ஜெர்மானிய இளைஞர்கள் இருவரை வரவேற்க ஊரில் ஒருவரும் இல்லை. டென்மார்க் மன்னர் கையெழுத்திட்ட கடிதம் கையில் இருந்தும், கோட்டைத் தளபதி அவர்களை வெயிலில் காக்க வைத்தார். எதற்காக வந்தீர்கள் என்றுதான் கேட்டார்.

அந்த இருவரில் ஒருவர் பார்த்தலோமேயு சீகன்பால்கு. மற்றவர் அவருடைய நண்பர் ஹென்ரிச் புளுச்சோ. தமிழில் புதிய ஏற்பாட்டை முதன்முதலாக முழுமையாக அச்சிட்டவர் என்றே சீகன்பால்குவை நம்மில் பலர் அறிந்திருக்கிறோம். ஆனால் அவருடைய வாழ்க்கையில் அதற்கு இணையான இன்னொரு பகுதி உண்டு. தம் சமயத்தை நிலைநாட்ட வந்த அவர், மாற்றுச் சமயத்தவர் சொன்னதையும் உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்தார். அதற்காகத் தம்மவர்களிடமே கடிந்துகொள்ளப்பட்டார்.

பெற்றோரை இழந்த சிறுவன்

சீகன்பால்கு 1682-இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை தானிய வியாபாரி. சிறு வயதிலேயே தாயையும் அடுத்துத் தந்தையையும் இழந்த அவரை அக்காள்தான் வளர்த்தார். தாய் இறக்கும் தறுவாயில் பிள்ளைகளை அழைத்து, உங்களுக்காகப் பெரிய சொத்து ஒன்றை வேதப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன் என்று சொன்னதாக அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுவர்.

உடல்நலம் அவருக்கு ஒருபோதும் சரியாக இருந்ததில்லை. ஹாலே நகரில் இறையியல் படிக்கச் சென்றபோதும் நோய் அவரை விடவில்லை. அங்கே பேராசிரியர் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கேயின் செல்வாக்கு மிகுதி. வெறும் சடங்கோடு நின்றுவிடாத, நடத்தையில் தெரியும் பக்தியை அவர் வலியுறுத்தினார். தம் இந்தியக் குடியேற்றத்திற்கு அருட்பணியாளர்களை அனுப்ப டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் விரும்பியபோது, தம் நாட்டில் ஆள் கிடைக்காமல் ஜெர்மனியில் தேடினார். அப்படித்தான் இந்த இளைஞர்கள் கப்பலேறினர்.

திண்ணைப் பள்ளி மாணவர்

தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதரின் அனுமதியோடு 1620-இல் தரங்கம்பாடியில் காலூன்றியது டேனியக் கம்பெனி. மிளகும் துணியும்தான் அதன் அக்கறை. சமயப் பேச்சு எழுந்தால் உள்ளூர் மக்கள் வெறுப்படைவார்கள், வியாபாரம் கெடும் என்று கம்பெனி அதிகாரிகள் அஞ்சினர்.

சீகன்பால்கு அதைப் பொருட்படுத்தவில்லை. வந்த சில வாரங்களிலேயே முதிய வாத்தியார் ஒருவரைத் தம் இல்லத்திலேயே திண்ணைப் பள்ளி நடத்தச் செய்தார். சிறுவர்களோடு சேர்ந்து தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். எழுத்து வந்தது. பொருள் விளங்கவில்லை. அப்போது துணைக்கு வந்தவர், கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த, ஐரோப்பிய மொழிகள் பலவும் அறிந்த அழகப்பன். பின்னாளில் இந்த உதவிக்காக அழகப்பனும் பெரும் இன்னல்பட நேர்ந்தது.

காலையில் சொற்களை மனப்பாடம் செய்வது, பகலில் ஏடுகளை வாசிக்கக் கேட்பது, மாலையில் மக்களோடு பேசுவது. இதுவே அவருடைய அன்றாட வேலையானது. ஓராண்டுக்குள் தமிழில் பிரசங்கம் செய்தார். 1707-இல் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கினார். அந்தக் காலத்தில் அது பெரிய காரியம்.

ஏடு தேடியவர்

தமிழர்களிடம் தம் சமயத்தை விளக்க வேண்டுமானால், அவர்கள் எதை நம்புகிறார்கள் என்று முதலில் தெரிய வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அதற்காக ஓலைச்சுவடிகளைத் தேடினார். எழுத்தர்களை ஊர் ஊராக அனுப்பிச் சுவடிகளை விலைக்கு வாங்கினார். கிடைக்காதவற்றைப் படியெடுக்கச் செய்தார்.

1708-இல் தம்மிடமிருந்த நூல்களுக்கு விளக்கத்தோடு ஒரு பட்டியல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். தமிழ்ச் சமய, இலக்கிய நூல்கள் மட்டுமே அதில் நூற்றுக்கும் மேல். தொல்காப்பியம், திருக்குறள், சிவவாக்கியம் எல்லாம் அதில் உண்டு. உ.வே.சாமிநாதையர் சுவடி தேடிப் புறப்படுவதற்கு ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. அதே ஆண்டில் உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழர்கள் அறிவற்ற காட்டுமிராண்டிகள் என்று நினைத்திருந்த ஐரோப்பியர்களுக்கு, இவர்களின் நீதிநெறி பல கிறிஸ்தவர்களையே வெட்கப்பட வைக்கும் என்று எடுத்துக் காட்டுவதே நோக்கம்.

சிவவாக்கியர் அவரை மிகவும் கவர்ந்தார். கல்லை வணங்குவதையும் குலப் பெருமையையும் ஒரு தமிழரே இவ்வளவு கடுமையாகக் கேட்டிருக்கிறாரே என்பது அவருக்கு வியப்பு. விவாதங்களில் வேதாகமத்தோடு சித்தர் பாடலையும் எடுத்துக் காட்டினார்.

கேள்விக்குப் பதில்

கோயில் வாசலிலும் சத்திரத்திலும் மரத்தடியிலும் அந்தணர்கள், வணிகர்கள், இஸ்லாமிய அறிஞர்கள் என யாரோடும் அவர் உரையாடினார். நேரில் பேச முடியாதவர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, ஓலையில் பதில் வாங்கினார். அவற்றுள் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் ஹாலேயில் அச்சாயின.

அந்தப் பதில்கள் எல்லாமே அவருக்குச் சாதகமானவை அல்ல. கடவுள் ஒருவரே என்பதை நாங்களும் அறிவோம் என்று சிலர் எழுதினர். கிறிஸ்தவர்கள் குடிக்கிறார்கள், மாட்டிறைச்சி உண்கிறார்கள், தூய்மை பேணுவதில்லை, ஏழைகளை வதைக்கிறார்கள், இந்த நடத்தையைப் பார்த்து உங்கள் வேதத்தை எப்படி ஏற்பது என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. சீகன்பால்கு அந்தக் கேள்விகளை மறைக்கவில்லை. ஐரோப்பியர்கள் படிக்கட்டும் என்று அப்படியே அனுப்பி வைத்தார்.

இதனால் அவர் தம் நம்பிக்கையில் தளர்ந்தார் என்று பொருளல்ல. தரங்கம்பாடியில் 1713-இல் அச்சான அவருடைய சிறு நூல், உருவ வழிபாட்டை அக்கியானம் என்றே கண்டித்தது. இன்று வாசித்தால் அந்தச் சொல் இந்துக்களின் மனத்தைப் புண்படுத்தும். தமிழரின் அறிவை மெச்சியதும் அவர்தான், வழிபாட்டைச் சாடியதும் அவர்தான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மனிதர் நமக்கு முழுமையாகத் தெரிவார்.

சிறையும் அச்சகமும்

தளபதியோடு இருந்த பகை 1708 நவம்பரில் முற்றியது. கடன் விவகாரம் ஒன்றில் கைம்பெண் ஒருவருக்காகப் பரிந்து பேசியதைத் தொடர்ந்து அவர் டான்ஸ்போர்க் கோட்டையில் அடைக்கப்பட்டார். ஏறக்குறைய நான்கு மாதம் சிறைவாசம். கைதாவதற்குச் சற்று முன்புதான் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கியிருந்தார். வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து 1711-இல் முடித்தார்.

அச்சிடுவது அதைவிடப் பெரும்பாடு. லண்டனிலுள்ள கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் ஓர் அச்சு இயந்திரம் அனுப்பியது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்தனர். கூட வந்த அச்சுத் தொழிலாளி பயணத்திலேயே இறந்துபோனார். இயந்திரம் மட்டும் தரங்கம்பாடி வந்தது. பின்னர் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. அவை பெரியவையாக இருந்ததால் காகிதம் போதவில்லை. அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். அதற்கு, இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த ஈயப் பெட்டிகளை உருக்கினார்கள் என்று சொல்லப்படுகிறது.

தமிழ் அச்சு அப்போது புதியதல்ல. 1578-லேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாகியிருந்தது. ஆனால் புதிய ஏற்பாடு முழுவதும் 1714, 1715-ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடியில் அச்சானபோது, இந்திய மொழி எதிலும் அதற்கு முன்னோடி இல்லை.

அச்சேறாத நூல்

1713-இல் தென்னிந்திய தெய்வங்களின் வரலாற்றை விரிவாக எழுதி ஹாலேக்கு அனுப்பினார் சீகன்பால்கு. சிவன், திருமால் தொடங்கி ஐயனார், மாரியம்மன் போன்ற ஊர்த் தெய்வங்கள் வரை தமிழர் வாய்மொழியாகவும் நூல் வழியாகவும் அறிந்தவற்றைத் தொகுத்திருந்தார். பிராங்கே அதை அச்சிட மறுத்தார். அந்த வழிபாட்டை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், ஐரோப்பாவில் அதைப் பரப்புவதற்கல்ல என்பது அவர் கருத்து. சுமார் 150 ஆண்டுகள் அந்தக் கையெழுத்துப் பிரதி முடங்கிக் கிடந்தது. 1867-இல் சென்னையில்தான் அது நூலாயிற்று. அக்காலத் தமிழகத்தின் நாட்டார் வழிபாட்டை அறிய ஆய்வாளர்கள் இன்று நாடும் நூல்களில் அதுவும் ஒன்று.

1714-இல் ஐரோப்பா சென்ற அவர், 1716-இல் மனைவி மரியா டோரொத்தேயாவுடன் திரும்பினார். லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் அதே ஆண்டு ஹாலேயில் வெளியானது. 1718-இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்தார்.

அந்த நேரத்தில்தான் கோபன்ஹேகனிலிருந்து ஓர் அடி விழுந்தது. பள்ளி, ஆலயம், அச்சகம் எதுவும் தேவையில்லை, கையில் ஒன்றுமில்லாமல் ஊர் ஊராகச் சென்று போதியுங்கள் என்று மிஷன் செயலர் வென்ட் கடிந்து எழுதினார். ஏற்கெனவே நலிந்திருந்த உடல் அதைத் தாங்கவில்லை. 1719 பிப்ரவரி 23 அன்று சீகன்பால்கு காலமானார். வயது 36. அவர் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் தொடங்கி ரூத் புத்தகம் வரை மொழிபெயர்த்திருந்த பழைய ஏற்பாட்டை, பின்வந்த சூல்ட்சே முடித்தார். தரங்கம்பாடியில் வேர்விட்ட லுத்தரன் சபையைச் சேர்ந்த தமிழர்கள், பின்னாளில் பிழைப்புக்காக மலாயா வந்தபோது வேதப் புத்தகத்தையும் பாமாலையையும் கூடவே கொண்டு வந்தனர். இங்குள்ள தமிழ் லுத்தரன் ஆலயங்களின் தொடக்கம் அதுதான்.

தம் மதத்தை உயர்த்திப் பேசுபவர்கள் இன்று எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். எதிரே இருப்பவரின் நூலைத் தேடி வாங்கிப் படித்து, அவர் கேட்ட கடுமையான கேள்வியையும் மறைக்காமல் எழுதி வைப்பவர்கள் குறைவு. 36 வயதுக்குள் சீகன்பால்கு அதைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் சமயத்தை ஏற்பவர்களும் ஏற்காதவர்களும் நினைத்துப் பார்க்க வேண்டிய விஷயம் அது.