காதைப் பொத்திக்கொண்டு அழும் குழந்தை... அடமா, வேறு காரணமா? விடை தேடிய ஜீன் ஏர்ஸ் யார்?

பங்குனி மாசம் திருமழபாடியில் நந்தியெம்பெருமான் கல்யாணம் நடக்கும்போது, கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் அந்த ஊர் கூட்டத்தில் திணறும். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் ஆகும் என்ற நம்பிக்கையில் அரியலூர், தஞ்சாவூர் பக்கத்துக் கிராமங்களில் இருந்தெல்லாம் ஜனம் வந்து சேரும். நாதஸ்வரம், தவில், மைக் செட், தோளோடு தோள் இடிக்கும் நெரிசல். இது பல குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் இப்படி எந்தத் திருவிழாவுக்குப் போனாலும், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று கதறும் குழந்தை ஒன்றையாவது பார்க்கலாம். அடம், செல்லம் ஜாஸ்தி, பயந்தாங்கொள்ளி... இதுதான் அந்தக் குழந்தைக்கு சுற்றி இருப்பவர்கள் வழக்கமாகக் கொடுக்கும் பட்டம்.

அது அடமே இல்லாமல் இருக்கலாம், அந்தக் குழந்தையின் மூளை சத்தத்தையும் தொடுதலையும் வேறு மாதிரி வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி, அதை அளந்து பார்க்கவும் முயன்றவர் ஒரு அமெரிக்கப் பெண். பெயர் அன்னா ஜீன் ஏர்ஸ். இன்று சென்னையில் இருந்து சின்ன டவுன் வரைக்கும் தெரபி சென்டர் போர்டுகளில் பார்க்கும் 'சென்சரி இன்டகிரேஷன்' என்ற வார்த்தை குழந்தைகள் சிகிச்சைக்குள் வந்தது இவர் மூலமாகத்தான். அவர் யார், என்ன கண்டுபிடித்தார், அவர் சொன்னது எவ்வளவு தூரம் சரி? பார்க்கலாம்.

வால்நட் தோட்டத்தில் பிறந்தவர்

ஜீன் ஏர்ஸ் பிறந்தது 1920 ஜூலை 18. கலிபோர்னியா மாகாணத்தில் விசாலியா என்ற ஊரில், வால்நட் விவசாயம் செய்த குடும்பம். சின்ன வயசில் படிப்பு அவருக்கு அவ்வளவு சுலபமாக வரவில்லை. பிற்காலத்தில் எந்தக் குழந்தைகளுக்காக ஆராய்ச்சி செய்தாரோ, அதே மாதிரியான கற்றல் சிரமங்கள் அவருக்கும் இருந்தன.

1945-ல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆக்குபேஷனல் தெரபி பட்டம் வாங்கினார். நோய், காயம், குறைபாடு இருப்பவர்கள் சாப்பிடுவது, உடுத்துவது, எழுதுவது, விளையாடுவது போன்ற அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பழக்கும் துறை அது. (இந்தியாவில் இதற்கான முதல் படிப்பு 1950-ல் மும்பை கே.இ.எம் மருத்துவமனையில்தான் தொடங்கியது. தொடங்கியவர் கமலா நிம்ப்கர்.) ஏர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே 1954-ல் முதுகலையும், 1961-ல் கல்வி உளவியலில் முனைவர் பட்டமும் முடித்தார். அதோடு நிற்கவில்லை. நாற்பது வயசுக்கு மேல் லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மூளை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போய் நரம்பியல் படித்தார். தெரபிஸ்ட் ஒருவர் மூளையின் அமைப்பைத் தேடிப் போய்ப் படிப்பது அந்தக் காலத்தில் அபூர்வம்.

எந்தக் கேள்வி அவரைத் துரத்தியது?

அவரிடம் வந்த சில குழந்தைகளுக்குக் கண் நன்றாகத் தெரியும், காது நன்றாகக் கேட்கும், புத்திக்கும் குறைவில்லை. ஆனாலும் பென்சிலைச் சரியாகப் பிடிக்க வராது. பந்தைப் பிடிக்கத் தெரியாது. நடந்தால் எதையாவது இடித்துக்கொள்ளும். யாராவது லேசாகத் தொட்டால் சுள்ளென்று விலகும். கண்ணிலும் காதிலும் கோளாறு இல்லை என்றால் சிக்கல் எங்கே?

ஏர்ஸ் சொன்ன விடை இதுதான்: தகவல் உள்ளே வருகிறது, அதை மூளை ஒழுங்குபடுத்துவதில்தான் சிக்கல். கல்யாண வீட்டுச் சமையலறையை நினைத்துப் பாருங்க. அரிசி, காய்கறி, மளிகை எல்லாம் வந்து இறங்கியிருக்கு. வேலை செய்ய ஆளும் இருக்கு. ஆனா எதை முதலில் அடுப்பில் ஏற்றணும், எதை ஓரமா வைக்கணும் என்று சொல்லும் தலைமைச் சமையல்காரர் தடுமாறினா என்ன ஆகும்? பொருளுக்குப் பஞ்சமே இல்லாமல் பந்தி தாமதமாகும். சில குழந்தைகளின் மூளையில் நடப்பது இது போன்றதுதான் என்பது அவர் கருத்து. அந்த ஒழுங்குபடுத்தும் வேலைக்கு அவர் வைத்த பெயர்தான் புலன் ஒருங்கிணைப்பு, அதாவது சென்சரி இன்டகிரேஷன்.

புலன்கள் ஐந்துதானா?

பள்ளிக்கூடத்தில் கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று ஐந்தைப் படித்திருப்போம். ஏர்ஸ் அதிகம் கவனித்தது வெளியே தெரியாத இரண்டு புலன்களை. ஒன்று, உள்காதில் இருக்கும் சமநிலைப் புலன். தலை எந்தப் பக்கம் சாய்கிறது, உடம்பு எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று சொல்வது இதுதான். இன்னொன்று, தசைகளிலும் மூட்டுகளிலும் இருக்கும் உணர்வு. கண்ணை மூடிக்கொண்டும் சாதத்தை வாய்க்குக் கொண்டுபோக முடிவது இதனால்தான். இந்த இரண்டோடு தொடு உணர்வும் சேர்ந்துதான் குழந்தையின் அடித்தளம், எழுத்தும் படிப்பும் அதன் மேல் எழும்பும் மாடி என்பது அவருடைய பார்வை.

லேசான தொடுதலையும் ஆபத்து போல எடுத்துக்கொள்ளும் குழந்தைகளைப் பற்றி 1964-லேயே எழுதினார். சட்டைக் காலரில் இருக்கும் டேக் உறுத்துகிறது என்று அழுவது, தலை வாரவோ முடி வெட்டவோ விடாதது, மணலில் கால் வைக்க மறுப்பது எல்லாம் இந்த வகை. இதற்கு நேர் எதிரான குழந்தைகளும் உண்டு. எவ்வளவு சுற்றினாலும் தலை சுற்றாது, ஓயாமல் குதிக்கும், விழுந்தாலும் வலி தெரியாது. முதல் வகைக்கு உணர்வு அளவுக்கு மீறி உறைக்கிறது, இரண்டாவது வகைக்குப் போதவில்லை.

சுழலும் பலகையும் 17 சோதனைகளும்

தோன்றியதைச் சொல்லிவிட்டு அவர் போய்விடவில்லை. அளக்க வழி தேடினார். 1960-களில் நூற்றுக்கணக்கான குழந்தைகளைப் பரிசோதித்து, எந்தச் சிரமம் எதனோடு சேர்ந்து வருகிறது என்று புள்ளியியல் முறையில் பிரித்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு எந்த விரலைத் தொட்டார்கள் என்று சொல்வது, ஒற்றைக் காலில் நிற்பது, செய்து காட்டும் உடல் நிலையை அப்படியே திரும்பச் செய்வது போன்றவை அவருடைய சோதனைகள்.

1975-ல் வந்த சோதனை இன்னும் சுவாரஸ்யம். குழந்தையை ஒரு பலகையில் உட்கார வைத்து 20 விநாடியில் 10 சுற்று சுற்றுவார்கள். பலகை நின்ற பிறகு கண்கள் எத்தனை விநாடி தானாக ஆடுகின்றன என்று கணக்கெடுப்பார்கள். உள்காதில் இருந்து வரும் தகவலை மூளை எப்படிக் கையாள்கிறது என்பதற்கு அதை ஒரு ஜன்னலாக எடுத்துக்கொண்டார்.

1972-ல் புலன் ஒருங்கிணைப்பும் கற்றல் சிரமங்களும் பற்றிய அவருடைய முதல் பெரிய நூல் வந்தது. அது துறை சார்ந்தவர்களுக்கானது. 1979-ல் பெற்றோருக்காகவே இன்னொரு நூல் எழுதினார். உங்கள் குழந்தை வேண்டும் என்று செய்யவில்லை என்பதை அம்மா அப்பாவுக்குப் புரியும்படி எடுத்துச் சொன்ன புத்தகம் அது.

சிகிச்சை அறையில் ஊஞ்சல் எதற்கு?

1970-களில் கலிபோர்னியாவின் டாரன்ஸ் நகரில் சொந்தமாக ஒரு கிளினிக் தொடங்கினார். ஊஞ்சல், சக்கரப் பலகை, மெத்தை, ஏறி இறங்கும் சாதனங்கள் என்று இருக்கும் சிகிச்சை முறை இவருடையது. பார்த்தால் விளையாட்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் குழந்தையை வற்புறுத்தக் கூடாது, அதற்குப் பிடித்ததை வைத்தே தொடங்கணும், செய்து முடிக்கக்கூடிய சவாலாக இருக்கணும், கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாக்கணும் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. சும்மா ஊஞ்சலில் உட்கார வைத்து ஆட்டிவிடுவதை அவர் சிகிச்சையாகக் கருதவில்லை. குழந்தை தானே முயன்று, உடம்பை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும் அந்த நேரம்தான் அவருக்கு முக்கியம்.

நம் ஊர்க் குழந்தைகளின் தூளி, மரத்து ஊஞ்சல், ஆற்று மணல் விளையாட்டு எல்லாவற்றிலும் இந்தப் புலன்களுக்கு வேலை இருக்கத்தான் செய்கிறது. அதற்காக அவை சிகிச்சைக்கு மாற்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எதிர்ப்பு ஏன் வந்தது?

ஏர்ஸுக்குப் பாராட்டு கிடைத்த அளவுக்கு விமர்சனமும் கிடைத்தது. அவருடைய ஆய்வுகளில் குழந்தைகளின் எண்ணிக்கை குறைவு என்றார்கள். புலன் பயிற்சி கொடுத்தால் படிப்பு எப்படி முன்னேறும் என்பதற்கு நேரடிச் சான்று போதாது என்றார்கள். 1980-களிலும் 90-களிலும் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகள் சிலவற்றில், இந்தச் சிகிச்சை வழக்கமான உடலியக்கப் பயிற்சிகளைவிடப் பெரிதாக மேல் என்று தெரியவில்லை.

விமர்சனங்களுக்கு நடுவே அவர் செய்தது, சோதனைகளைத் திருத்தி இன்னும் பெரிதாக்கியது. அமெரிக்கா, கனடா முழுக்க ஏறக்குறைய 2,000 குழந்தைகளின் அளவுகளை அடிப்படையாக வைத்து, 4 முதல் 8 வயது வரையிலான பிள்ளைகளுக்காக 17 சோதனைகள் கொண்ட புதிய தொகுப்பு தயாரானது. அந்த வேலை நடந்த காலத்தில் அவருக்குப் புற்றுநோய். 1988 டிசம்பர் 16-ல், 68 வயதில் இறந்துபோனார். சோதனைத் தொகுப்பு வெளிவந்தது 1989-ல். இதே சிரமங்களோடு வாழ்ந்த உறவுக்கார இளைஞர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதங்கள் 2004-ல் புத்தகமாக வந்தன.

அவர் சொன்னது சரிதானா? அறிவியல் இப்போ என்ன சொல்லுது?

பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது. 2012-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், 'சென்சரி பிராசஸிங் டிஸார்டர்' என்பதைத் தனி நோயாக எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. இந்தச் சிகிச்சையை மற்ற சிகிச்சைகளோடு ஒரு பகுதியாகப் பயன்படுத்தலாம், ஆனால் சான்று குறைவு என்பதைப் பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும் என்றது. 2013-ல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பிலும் இதற்குத் தனி இடம் இல்லை. ஆனால் அதே கையேடு, புலன் உணர்வு அதிகமாகவோ குறைவாகவோ இருப்பதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக முதல் முறையாகச் சேர்த்தது. அவர் இத்தனை வருஷம் பேசியது அந்தக் குழந்தைகளிடம் உண்மையிலேயே இருக்கிறது என்பது அங்கே பதிவானது.

அதே 2013-ல் சான் பிரான்சிஸ்கோ கலிபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், இந்தச் சிரமம் உள்ள சிறுவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். மூளையின் பின்பகுதி வெள்ளை இழைகளில் வித்தியாசம் தெரிந்தது. ஆய்வு சிறியதுதான். சிகிச்சை விஷயத்தில் முடிவுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. 2014-ல் வெளியான, ஆட்டிசம் உள்ள 32 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், பெற்றோரும் தெரபிஸ்ட்டும் சேர்ந்து வகுத்த இலக்குகளில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. 2022-ல் பிரிட்டனில் 138 குழந்தைகளிடம் நடத்திய பெரிய ஆய்வில், வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பலன் தெளிவாகத் தெரியவில்லை.

நம்ம ஊர் பெற்றோர் என்ன செய்யலாம்?

முதலில், குழந்தையை அடிக்கவோ கேலி செய்யவோ வேண்டாம். காது, கண் பரிசோதனை முடிக்கணும். பேச்சு தாமதம், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, கண் பார்த்துப் பேசாதது போன்றவை கூடவே இருந்தால் உடனே குழந்தை மருத்துவரிடம் போகணும். வெறும் சென்சரி பிரச்சனை என்று நினைத்து ஆட்டிசத்தைக் கவனிக்காமல் விட்டால் இழப்பது பொன்னான வருஷங்களை.

2013-ல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு வருஷத்துக்கு இரண்டு முறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வரணும். அவர்கள் கண்டுபிடிக்கும் பிள்ளைகளை அனுப்புவதற்காகத்தான் மாவட்ட அளவில் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள். திருமழபாடி பக்கத்துப் பெற்றோர் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவில் இதை விசாரிக்கலாம். வட்டார வள மையங்களில் உள்ள சிறப்பாசிரியர்களையும் கேட்கலாம். சென்னை அருகே முட்டுக்காட்டில் இதற்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது.

ஒன்றை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசம் இருக்கிறது, கற்றல் குறைபாடு இருக்கிறது. புலன் ஒருங்கிணைப்புச் சிரமம் மட்டும் தனியாக இல்லை. அதனால் அந்தப் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தால் சான்றிதழுக்கோ உதவித்தொகைக்கோ வழி கிடைக்காது.

தனியார் மையத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்க. சிகிச்சை கொடுப்பவர் ஆக்குபேஷனல் தெரபி பட்டம் பெற்றவரா? என் குழந்தை மூன்று மாசத்தில் எதைச் செய்யும் என்று எதிர்பார்க்கிறீங்க, பல் தேய்க்கவா, சட்டை போடவா, வகுப்பில் உட்காரவா? அது நடந்ததா இல்லையா என்று எப்படி அளப்பீங்க? வாழ்நாள் முழுக்க அளக்கவே முயன்ற ஏர்ஸின் பெயரைச் சொல்லி நடக்கும் எந்த மையத்துக்கும் மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரிந்திருக்கணும். பதில் இல்லை என்றால் வேறு இடம் பாருங்க.