தேசிங்கு ராஜா குதிரையை அடக்கினாரா, பழக்கினாரா?

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைப் பக்கம் பைக்கில் போறவங்களா நீங்க? அடுத்த முறை ஊர் எல்லையில ஐயனார் கோயில் வந்தா கொஞ்சம் வண்டியை நிறுத்திப் பாருங்க. அந்த மண்குதிரைக்கு கழுத்தில் மணி இருக்கும், வாயில் கடிவாளம் இருக்கும், முதுகில் சேணம் இருக்கும். எல்லாம் குயவர் கையாலேயே வந்தது. சூளையிலிருந்து வெளியே வரும்போதே அது சவாரிக்கு ரெடி!

உயிருள்ள குதிரைக்கு அந்த வசதி கிடையாது. எந்தக் குதிரையும் சேணத்தோடு பிறப்பதில்லை. முதல் தடவை முதுகில் எதையாவது வெச்சா அது துள்ளும், உதைக்கும், ஓடும். அந்தப் பயத்தைப் போக்கி, ஒரு இளம் குதிரையைச் சேணத்துக்குப் பழக்குறது பெரிய வேலை.

இந்த வேலையை வெச்சே ஒரு ஹீரோவைக் கொண்டாடுற ஊர் நம்ம பக்கத்துலயே இருக்கு. செஞ்சி. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரியும் வரை ரெண்டும் ஒரே விழுப்புரம் மாவட்டம்தான். அந்த ஹீரோ, ராஜா தேசிங்கு. உங்க தாத்தாகிட்ட பேரைச் சொல்லிப் பாருங்க, 1960-ல் வந்த எம்.ஜி.ஆர் படத்தைப் பத்தி ஆரம்பிச்சுடுவார். இந்தப் பக்கத்துக் கூத்துக் கலைஞர்களுக்கோ அது ஒரு ராத்திரி முழுக்க ஆடக்கூடிய கதை.

யார் இந்த தேசிங்கு?

பேரைக் கேட்டா தமிழ் ராஜா மாதிரி இருக்கும். உண்மைப் பெயர் தேஜ் சிங். நம்ம ஊர் நாக்கில் அது தேசிங்கு ஆகிவிட்டது. பூர்வீகம் வட இந்தியாவின் பந்தேல்கண்ட். ராஜபுத்திரக் குடும்பம்.

செஞ்சிக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கிறீங்களா? சிவாஜியின் மகன் ராஜாராம் இந்தக் கோட்டைக்குள் இருந்தபோது முகலாயப் படை வெளியே முற்றுகை போட்டது. ஒரு நாள், ரெண்டு நாள் இல்லை, ஏழு வருஷத்துக்கு மேல. கடைசியில் 1698-ல் கோட்டை விழுந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, கோட்டையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஔரங்கசீப் ஸ்வரூப் சிங் என்பவரிடம் கொடுத்தார். அவர் மகன்தான் நம்ம தேசிங்கு.

டெல்லியில் ஒரு முரட்டுக் குதிரை

இனி வருவது கதைப்பாடல் சொல்லும் பகுதி. வரலாற்று ஆவணத்தில் இதைத் தேடாதீங்க. கூத்துக் கொட்டகையில்தான் இது கிடைக்கும்.

டெல்லி பாதுஷாவிடம் ஒரு குதிரை இருந்தது. பெயர் பாராசாரி. யாரையும் முதுகில் ஏறவிடாது. அதை அடக்கச் சொல்லி தேசிங்கின் அப்பாவுக்கு உத்தரவு வருகிறது. அவரால் முடியவில்லை, சிறையில் போடுகிறார்கள். சேதி கேட்ட பையன் தேசிங்கு டெல்லிக்குப் போகிறான். எத்தனையோ பெரிய வீரர்களைக் கீழே தள்ளிய குதிரையின் முதுகில் தாவி ஏறுகிறான். குதிரை வானத்துக்கும் பூமிக்குமாகப் பறக்கிறது. பையன் விடவில்லை. கடைசியில் அது அடங்குகிறது. அப்பா விடுதலை ஆகிறார். அந்தக் குதிரையே பையனுக்குப் பரிசாகக் கிடைக்கிறது. பிறகு கல்யாணமும் ஆகிறது.

செம சீன், இல்லையா? கொட்டகையில் விசில் பறக்கும். ஆனா, ஒரு நிஜக் குதிரைக்காரர்கிட்ட இந்த சீனைச் சொல்லிப் பாருங்க. சிரிப்பார்.

நிஜத்தில் எப்படிப் பழக்குவாங்க?

குதிரை புல் மேயும் பிராணி. காட்டில் சிங்கம் மாதிரி வேட்டை விலங்குகள் அதன் முதுகில் பாய்ந்து சாய்க்கும். அதனால் முதுகில் ஏதாவது ஏறினால் உயிருக்கு ஆபத்து என்று அதன் ரத்தத்திலேயே எழுதியிருக்கு. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட 350 டிகிரி பார்க்கும். நேர் பின்னாலும் நெற்றிக்கு முன்னால் கொஞ்ச தூரமும் மட்டும் தெரியாது. நாம உட்காரப் போறது அதுக்குச் சரியாகத் தெரியாத இடத்துல. அது நம்மை நம்பினால்தான் உண்டு.

அதனால் பழக்குகிறவர் முதல் நாளே சேணத்தைத் தூக்கிட்டு வர மாட்டார். முதலில் கையால் தொட்டுப் பழக்குவார். கழுத்து, தோள், முதுகு, வயிறு என்று மெதுவாகப் போவார். பிறகு ஒரு துணியை முகர்ந்து பார்க்கவிட்டு, முதுகில் போட்டு, எடுத்து, மறுபடி போடுவார். இடது பக்கம் செய்ததை வலது பக்கமும் செய்யணும். ஒரு கண்ணுக்குப் பழகியது இன்னொரு கண்ணுக்குப் புதுசாகத் தெரியலாம்.

துணிக்குப் பழகிய பிறகுதான் சேணம். அதையும் வார் கட்டாமல் சும்மா வைத்து எடுப்பார்கள். அடுத்து, வயிற்றைச் சுற்றிய வாரை ஒவ்வொரு துளையாக இறுக்குவார்கள். ஒரேயடியாக இறுக்கினால் குதிரை அந்த வலியை ரொம்ப நாள் மறக்காது. அப்புறம் நீளக் கயிற்றில் வட்டமாக நடக்கவிடுவார்கள். அங்கவடி வயிற்றில் தட்டும், தோல் கிறீச்சிடும். அந்தச் சத்தத்துக்கெல்லாம் அது பழகணும். அதன் பிறகுதான் ஆள் ஏறுவது. அதுவும் முதலில் வயிற்றை மட்டும் சேணத்தின் மேல் சாய்த்து, பாரத்தைக் கொஞ்சம் கொடுத்து, உடனே இறங்கிவிடுவார்கள்.

இதற்கெல்லாம் வாரங்கள் ஆகும், சில குதிரைகளுக்கு மாதங்கள். வயசும் முக்கியம். பொதுவாக மூன்று வயது வாக்கில் சேணம் பழக்க ஆரம்பிப்பார்கள். ஆனால் முதுகெலும்பு முழுசாக முதிர ஐந்து, ஆறு வயது ஆகும். அதுவரை பாரத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றணும். சின்ன முதுகில் பெரிய பாரம் வைத்தால், குதிரை வாழ்நாள் முழுக்க அதற்கு விலை கொடுக்கும்.

இது இன்று நேற்று கண்டுபிடித்த விஷயமும் இல்லை. சுமார் 2,400 வருஷத்துக்கு முன்னால் கிரேக்கத்தில் ஸெனபோன் என்பவர் குதிரை வளர்ப்பு பற்றித் தனி நூலே எழுதினார். கோபத்தோடு குதிரையிடம் போகாதே என்பது அதில் முக்கியமான பாடம். அலெக்சாண்டர் கதை தெரியுமா? யாருக்கும் அடங்காத பியூசிஃபலஸ் தன் நிழலைப் பார்த்தே மிரளுது என்று கண்டுபிடித்தவர் அவர்தானாம். சூரியனைப் பார்த்து அதைத் திருப்பி நிறுத்தி, தடவிக்கொடுத்து, அப்புறம்தான் ஏறினாராம். கதைதான். ஆனா அந்தக் கதையிலேயே ஹீரோ ஏறுவதற்கு முன்னால் குதிரையைக் கவனிக்கிறார்.

நம்ம ஊர் மன்னர்களுக்குக் குதிரை லேசில் கிடைத்ததும் இல்லை. பாண்டியர்கள் கடல் கடந்து ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியதையும், சரியான பராமரிப்பு இல்லாமல் அவை செத்துப்போனதையும் 13-ம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ பதிவு செய்திருக்கிறார். ஆக, ஒரு நல்ல போர்க்குதிரை என்றால் அதற்குப் பின்னால் கடல் பயணமும் பெரும் பணமும், பெயர் தெரியாத லாயக்காரர்களின் பல மாத உழைப்பும் உண்டு. கூத்தில் அந்த லாயக்காரர்களுக்கு சீனே கிடையாது!

ஒரே நாளில் ஏறிய பாரம்

இப்ப வரலாற்றுக்கு வருவோம். ஸ்வரூப் சிங் இறந்ததும் தேசிங்கு தன் இளம் மனைவியோடு செஞ்சிக்கு வந்து பொறுப்பேற்றார். வருஷம் 1714. அவருக்கு அப்போ வயது 22 தான் இருக்கும் என்பார்கள். இன்றைக்கு நீங்க காலேஜ் முடிச்சுட்டு முதல் வேலை தேடுற வயசு.

அப்பா விட்டுப்போனது கோட்டை மட்டும் இல்லை. பல வருஷ வரிப்பாக்கியும் இருந்தது. ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் அந்தப் பாக்கியைக் கேட்டார். டெல்லியில் பாதுஷா மாறிவிட்டதால், ஔரங்கசீப் கொடுத்த பழைய சாசனம் செல்லாது, புதுசாக அனுமதி வாங்கணும் என்றும் வாதம் வந்தது. தேசிங்கு ஒத்துக்கொள்ளவில்லை. கோட்டை எங்களுக்குக் கொடுத்தது, நான் யாருக்கும் கைகட்ட வேண்டியதில்லை என்று நின்றார்.

நவாப் படையோடு கிளம்பினார். அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான வீரர்கள். இந்தப் பக்கம் சில நூறு குதிரை வீரர்கள்.

காத்திருக்கச் சொன்னவர்கள் இல்லாமல் இல்லை. கதைப்பாடலில் ராணி தடுக்கிறாள். செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம் என்று ஒரு மலைக்கோயில் இருக்கு. தேசிங்கு வணங்கிய ரங்கநாதர் அங்கே பாறையில் பள்ளிகொண்டிருக்கிறார். போருக்கு முன் உத்தரவு கேட்கப் போனபோது பெருமாளே முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று இன்றும் ஊரில் சொல்வார்கள். சாமியே வேண்டாம் என்று சொல்லியும் அவர் போனார். அவருடைய உயிர் நண்பன் மகமத் கான், வழுதாவூரில் தன் கல்யாணத்தைப் பாதியில் விட்டுவிட்டு நீலவேணி என்ற குதிரையில் ஓடி வந்தான் என்கிறது கதை. இந்து ராஜாவுக்காக முஸ்லிம் நண்பன் உயிரைக் கொடுத்த இந்த நட்புக்காகவே இந்தக் கூத்தை விரும்பிப் பார்ப்பவர்கள் உண்டு.

1714 அக்டோபர் 3. செஞ்சி ஆற்றில் வெள்ளம். கோட்டை மதிலுக்குள் இருந்திருந்தால் தேசிங்கு கொஞ்ச நாள் தாக்குப்பிடித்திருக்கலாம். இதே கோட்டை முகலாயர்களை ஏழு வருஷத்துக்கு மேல காக்கவைத்தது, ஞாபகம் இருக்கா? ஆனால் அவர் வெளியே வந்து, கையில் கிடைத்த கொஞ்சம் பேரோடு வெள்ளத்தைத் தாண்டினார். மகமத் கான் விழுந்தான். தேசிங்கு எதிரித் தளபதியின் யானையை நோக்கிக் குதிரையை விட்டார். குதிரை முன்னங்கால்களைத் தூக்கி யானை மேல் வைத்தது என்கிறார்கள். அந்த நெருக்கடியில் குதிரையின் பின்னங்கால் நரம்பை வெட்டிவிட்டார்கள். கீழே இறங்கி, வாளோடு நின்று சண்டை போட்ட தேசிங்கை ஒரு குண்டு சாய்த்தது.

பொறுப்பேற்று ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. ராணி உடன்கட்டை ஏறினாள். நவாப் அவள் நினைவாக வைத்த பெயர்தான் ராணிப்பேட்டை என்பது வழக்கு.

யார் மேல் தப்பு?

இதை முட்டாள்தனம் என்று ஒரே வார்த்தையில் முடிச்சுடலாம். எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. 22 வயசுப் பையன் மேல் அப்பாவின் கடன், குலப்பெருமை, ஒரு மலைக்கோட்டை, சில நூறு பேரின் உயிர் எல்லாம் ஒரே நாளில் ஏறியது. துணி போட்டுப் பழக்க யாரும் இல்லை. வாரைத் துளைத் துளையாக இறுக்க யாரும் காத்திருக்கவில்லை. முதல் நாளே முழு இறுக்கு. துள்ளினார்.

அதே நேரம், முடிவு அவர் கையில்தான் இருந்தது. அவர் தாண்டிய வெள்ளத்தை அவரை நம்பிய மற்றவர்களும் தாண்டினார்கள். அதில் முதல் ஆள் அந்தக் குதிரை. யானையைப் பார்த்தால் ஓடச் சொல்லும் தன் இயல்பை அடக்கிக்கொண்டு, முதுகில் இருப்பவர் சொல்லுக்காக அது யானை மேல் ஏறியது. அடக்கி வைத்த குதிரை அப்படிப் போகாது. யாரோ பொறுமையாகப் பழக்கிய குதிரைதான் போகும். தலைப்பில் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்.

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில், மராத்தியர்களின் 12 கோட்டைகளில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இருப்பது இது மட்டும்தான். வீக் எண்டில் போனால் ராஜகிரி உச்சியில் செல்ஃபி எடுங்க, தப்பில்லை. கீழே கல்யாண மஹால் பக்கத்தில் வரிசையாகக் குதிரை லாயங்கள் இருக்கு. பலரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அங்கே பத்து நிமிஷம் நில்லுங்க. அப்படியே நீலாம்பூண்டி போனால் மகமத் கானின் சமாதியையும், குதிரையின் சமாதியையும் ஊர்க்காரங்க காட்டுவாங்க.

ராஜாவோடு சேர்த்து அவர் குதிரைக்கும் 300 வருஷமாக ஊர் இடம் கொடுத்து வெச்சிருக்கு. அதுக்கு முதன்முதலில் சேணம் பூட்டியவர் யாருன்னுதான் யாருக்கும் தெரியாது.