மாளிகையை ஈந்த மோதிலால்

தம் முயற்சியாற் செல்வராய் உயர்ந்தோர் உலகிற் பலர். அங்ஙனம் தேடிய பொருளையும், அப்பொருளின் அடையாளமாய் விளங்கிய மனையையும் நாட்டுக்கென ஈந்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராகிய பண்டித மோதிலால் நேருவின் வரலாற்றை இம்மலரின்கண் நம் மாணவர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

மோதிலால் 1861ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி ஆக்கிரா நகரிற் பிறந்தார். இவர் பிறப்பதற்குச் சில திங்கள் முன்னரே தந்தையார் கங்காதரர் காலமாயினார். தமையனார் நந்தலாலே தந்தையின் இடத்தில் நின்று வளர்த்தார். அலகபாத்து நகரில் மூயர் மத்திய கல்லூரியிற் பயின்ற மோதிலால், பட்டத்தேர்வின் முதல் வினாத்தாளைச் சரிவர எழுதவில்லையெனத் தாமே கருதி ஏனைய தாள்களை எழுதாது விட்டமையாற் பட்டம் பெற்றிலர். எனினும் பின்னர்ச் சட்டத்தேர்வில் முதல்வராய்த் தேறினார். 1887இல் தமையனாரும் மறையவே, பெரிய குடும்பத்தின் சுமை முழுவதும் இவர் தோளில் ஏறிற்று. இடையறாத உழைப்பினால் அலகபாத்து உயர்நீதிமன்றத்தின் தலைசிறந்த நியாயவாதிகளுள் ஒருவரானார்.

1900ஆம் ஆண்டிற் பரந்த வளவோடு கூடிய பழைய மாளிகையொன்றை விலைக்கு வாங்கிப் புதுக்கி, ஆனந்த பவனம் எனப் பெயரிட்டார். அந்நகரில் மின்விளக்கு முதன்முதல் ஒளிர்ந்த மனைகளுள் அதுவும் ஒன்று. நீச்சற் குளமும் குதிரைலாயமும் மேனாட்டு முறை விருந்துகளும் அம்மனைக்குப் பெரும் புகழ் தேடின. கடல் கடந்து மீண்டமைக்குக் கழுவாய் செய்தல் வேண்டுமெனச் சாதியார் வற்புறுத்தியபோது அதற்கு இணங்க மறுத்த துணிவும் இவரிடத்து இருந்தது. மைந்தர் ஜவகர்லாலை 1905இல் இங்கிலாந்துக்கு அனுப்பிக் கல்வி பயில்வித்தார்.

இத்தகைய இன்பவாழ்வினரின் உள்ளம் எளிதில் மாறிற்றென எண்ணுதல் தவறு. 1919இல் காந்தியடிகள் ரௌலட் சட்டத்தை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் தொடங்கியபொழுது, மைந்தர் அதிற் சேர விரும்பினார். தந்தையார் அதனை விரும்பிலர். ஆயினும், மகன் சிறைபுகின் வெறுந்தரையிற் படுக்க நேருமேயென்று வருந்தி, அத்துன்பத்தைத் தாமும் அறிதற்பொருட்டு ஒருவரும் அறியாவண்ணம் இரவிலே தரையிற் படுத்துப் பார்த்தார். சட்டத்தின் நுணுக்கம் யாவும் அறிந்த அம்முதியவர்க்கு அத்தரை கற்பித்த பாடம் வேறாகும்.

அவ்வாண்டு ஏப்பிரலில் ஜாலியன்வாலா பாக்கில் நிகழ்ந்த கொடுமை ஆங்கில நீதியில் அவர் வைத்திருந்த நம்பிக்கையைத் தளர்த்தது. ஒத்துழையாமை இயக்கம் எழுந்த 1920இலே பெருவருவாய் தந்த தொழிலைத் துறந்து கதராடை புனைந்தார். 1921 திசெம்பர் 6ஆம் திகதி தந்தையும் மைந்தரும் ஒருங்கே சிறைப்பட்டனர். அபராதம் செலுத்த மறுத்தமையாற் காவலர் பன்முறை வந்து மனையிலிருந்த தளபாடங்களை எடுத்துச் சென்றனர்.

காந்தியடிகளிடத்துப் பேரன்பு கொண்டவராயினும் அவர் கூறிய யாவற்றையும் மோதிலால் ஏற்றாரல்லர். சட்டசபையினுள் நின்றே அரசை எதிர்த்தல் வேண்டுமெனக் கருதி, 1923இல் சித்தரஞ்சன் தாசரோடு சுயராச்சியக் கட்சியை நிறுவினார். இந்தியாவுக்கான அரசியலமைப்புத் திட்டமொன்றை வகுத்த 1928ஆம் ஆண்டுக் குழுவுக்குத் தலைவராயும் விளங்கினார்.

இதற்கிடையில் அதே வளவினுட் புதியதொரு மனை எழுந்தது. 1930இல் பழைய மாளிகையைக் காங்கிரசுக்கு ஈந்தனர். அது சுயராச்சிய பவனம் எனப் பெயர் பெற, ஆனந்த பவனம் என்னும் பெயர் புதுமனைக்கு உரித்தாயிற்று. அவ்வாண்டே மீண்டும் சிறைசென்ற மோதிலால் நோயுற்று விடுவிக்கப்பட்டு, 1931 பெப்ரவரி 6ஆம் திகதி இலக்குமணபுரியில் உயிர்நீத்தார். அன்றே அவருடல் அலகபாத்துக்குக் கொணரப்பட்டுக் கங்கைக்கரையில் தகனஞ் செய்யப்பட்டது. தந்தையை இழந்த ஜவகர்லால் மனைவியோடும் மகளோடும் நம் இலங்கைக்கு வந்து சின்னாட் தங்கி இளைப்பாறினார்.

புதிய மனையையும் பேர்த்தியார் இந்திரா 1970இல் நாட்டுக்கு உரிமையாக்கினார். 2018 முதல் பிரயாக்ராஜ் என வழங்கும் அந்நகரில் இரு மனைகளும் இன்று காட்சியகங்களாய் நிற்கின்றன.

நம் நாட்டு இந்துக் கல்லூரிகள் பலவும் பெரியோர் ஈந்த காணியிலும் பொருளிலும் எழுந்தவையே. அவற்றின் நிழலிற் கற்று உயர்ந்த நாம், ஈட்டுவதில் எவ்வளவு ஊக்கம் கொள்கின்றோமோ அவ்வளவு ஊக்கம் ஈவதிலும் கொள்ளுதல் வேண்டும் என்பதே மோதிலால் வரலாற்றால் யாம் உணர்ந்தது.