40 நாள், 4,200 கி.மீ.: சைக்கிள் மிதித்துக் கட்சி வளர்த்த கன்ஷிராம் யார்?

ராசிபுரம் வாக்காளர்களுக்குத் தனித் தொகுதி என்பது புதுசு இல்லை. 2004 தேர்தல் வரை இருந்த ராசிபுரம் மக்களவைத் தொகுதி, பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி. மறுசீரமைப்பில் அது போய் நாமக்கல் தொகுதி வந்தது. ஆனால் ராசிபுரம் சட்டமன்றத் தொகுதி 2011 முதல் தனித் தொகுதி ஆனது.

இப்படி ஒரு தொகுதியில் ஜெயிப்பவர், தன் சமூகத்தின் குரலா, கட்சித் தலைமையின் ஆளா? இந்தக் கேள்வியை வட இந்தியச் சமவெளி முழுக்க சைக்கிளில் கொண்டுபோனவர்தான் கன்ஷிராம்.

லீவில் தொடங்கிய போராட்டம்

1934 மார்ச் 15-ல் பஞ்சாபின் ரோபர் மாவட்டத்தில், தலித் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். பி.எஸ்சி. முடித்து, புனேயில் பாதுகாப்புத் துறையின் வெடிபொருள் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கைநிறையச் சம்பளம், நிரந்தர வேலை.

1960-களில் அந்த ஆய்வகத்தில் அம்பேத்கர், புத்தர் பிறந்தநாள் விடுமுறைகள் ரத்தாயின. அதை எதிர்த்த தீனாபானா என்ற கடைநிலை ஊழியர் சஸ்பெண்ட் ஆனார். அவருக்காகக் களமிறங்கிய கன்ஷிராம், அந்த நாட்களில்தான் சாதி ஒழிப்பு பற்றிய அம்பேத்கரின் நூலைப் படித்தார். லீவு திரும்பக் கிடைத்தது. ஆனால் கன்ஷிராம் பழைய ஆளாக இல்லை. வேலையை விட்டார். கல்யாணம் இல்லை, சொத்து இல்லை, இனி வீடு திரும்பப்போவதும் இல்லை என்று குடும்பத்துக்கு நீண்ட கடிதம் எழுதிவிட்டுக் கிளம்பினார்.

முதலில் அவர் திரட்டியது அரசு ஊழியர்களை. இடஒதுக்கீட்டில் வேலை பெற்றவர்கள், தங்கள் நேரம், அறிவு, பணத்தில் ஒரு பகுதியைச் சமூகத்துக்குத் திருப்பித் தர வேண்டும் என்பது அவர் கணக்கு. 1978-ல் பாம்செஃப் அமைப்பு உருவானது. அரசு ஊழியர்கள் தெருவில் இறங்கிப் போராட முடியாது. அதற்காகவே 1981-ல் டிஎஸ்4 என்ற போராட்ட அமைப்பைத் தொடங்கினார்.

பூனா ஒப்பந்தத்தில் என்ன பிரச்சினை?

1932-ல் பிரிட்டிஷ் அரசு, ஒடுக்கப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதி அறிவித்தது. அதாவது, அவர்களின் பிரதிநிதியை அவர்களே தேர்ந்தெடுக்கலாம். காந்தியின் உண்ணாவிரதத்துக்குப் பிறகு வந்த பூனா ஒப்பந்தம் இதை மாற்றியது. மாகாணங்களில் ஒதுக்கிய இடங்கள் 71-லிருந்து 148 ஆயின. ஆனால் இறுதித் தேர்தலில் எல்லோரும் ஓட்டுப் போடுவார்கள்.

இடம் கூடியது, பிடி நழுவியது என்பது கன்ஷிராமின் வாதம். ஒப்பந்தத்தின் 50-வது ஆண்டில், 1982-ல், சம்ச்சா யுகம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். சம்ச்சா என்றால் கரண்டி. கரண்டி தானாக நகராது, பிடிக்க ஒரு கை வேண்டும். மற்றவர்களின் ஓட்டையும் பெரிய கட்சிகளின் சீட்டையும் நம்பி ஜெயிப்பவர்கள் அப்படித்தான் ஆவார்கள் என்றார்.

ஏன் சைக்கிள்?

புத்தகம் படித்தவர்களுக்கு மட்டும்தான் போய்ச்சேரும். சேரிக்கும் குடிசைக்கும் போக என்ன வழி? 1983-ல் தொண்டர்களோடு சைக்கிளில் கிளம்பினார். டெல்லியைச் சுற்றி 7 மாநிலங்கள், 40 நாட்கள், சுமார் 4,200 கி.மீ. ஒரு நாளைக்கு நூறு கி.மீ.க்கு மேல். ராசிபுரத்திலிருந்து சேலத்துக்கு இரண்டு தடவை போய்வரும் தூரம் அது. அதைத் தினமும் மிதிக்க வேண்டும்.

சைக்கிளுக்குப் பெட்ரோல் செலவு இல்லை, பணக்காரர் தயவும் வேண்டாம். ஏழைத் தொண்டருக்கும் எட்டுகிற வண்டி அது. பஸ் போகாத ஊருக்கும் போகும். முக்கியமாக, வருகிறவர் நம்மைப் போன்ற ஆள்தான் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். தலைவரும் தொண்டரும் ஒரே வேகத்தில்தான் போக முடியும்.

கட்சியும் ஆட்சியும்

1984 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாளில் பகுஜன் சமாஜ் கட்சி பிறந்தது. அந்த ஆண்டு ஜாஞ்ச்கிரிலும், 1988-ல் அலகாபாத்தில் வி.பி.சிங்கை எதிர்த்தும் நின்று தோற்றார். 1991-ல் எட்டாவாவில் ஜெயித்தார். 1993-ல் முலாயம் சிங்கின் சமாஜ்வாதியோடு சேர்ந்து உத்தரப் பிரதேச ஆட்சியைப் பிடித்தார். அந்தக் கூட்டாளிக் கட்சியின் சின்னம், சைக்கிள்! கூட்டணி 1995-ல் உடைந்தது. பாஜக ஆதரவோடு மாயாவதி முதல்வரானார். கொள்கை எங்கே போனது என்று விமர்சனம் எழுந்தது. அதிகாரம் கையில் வராமல் எதுவும் மாறாது என்பதே கன்ஷிராமின் நிலைப்பாடு.

2003-ல் பக்கவாதம் அவரை முடக்கியது. 2006 அக்டோபர் 9-ல் காலமானார். அடுத்த ஆண்டே அவர் கட்சி, 403-ல் 206 இடங்களைப் பிடித்துத் தனியாக ஆட்சி அமைத்ததை அவர் பார்க்கவில்லை.

இப்போதும் ஓயாத கேள்வி

அவர் மக்களவைக்கு ஜெயித்த எட்டாவா, ஹோஷியார்பூர் இரண்டும் அன்று பொதுத் தொகுதிகள். பொதுத் தொகுதியிலும் ஜெயிக்க முடியும் என்று காட்டுவது அவருக்கு முக்கியமாக இருந்தது. 2009 முதல் அவை இரண்டும் தனித் தொகுதிகள். அடுத்த தேர்தலில் ராசிபுரத்தில் வேட்பாளர் பட்டியல் வரும்போது, அந்த சைக்கிள்காரர் கேட்டதை நாமும் கேட்டுப் பார்க்கலாம்: இவர் ஜெயித்தால் யாருக்குப் பதில் சொல்வார்?