தௌலதாபாத் கோட்டை வாயிலில் அண்ணல்

பழம்பெருஞ் சின்னங்களைக் காணச் செல்வதைப் பொழுதுபோக்கு என்றே பலரும் எண்ணுவர். நம் மக்களுக்கோ அதுவும் ஒரு காலத்தில் போராடிப் பெற வேண்டிய உரிமையாக இருந்தது. அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வாழ்வே இதற்குச் சான்று.

1891 ஏப்ரல் 14இல் மாவ் படைத்தளத்தில், சுபேதார் இராம்ஜி சக்பால், பீமாபாய் இணையரின் பதினான்காம் மகவாகத் தோன்றினார் அண்ணல். பள்ளியில் கோணிச் சாக்கின்மீது தனியே அமர்ந்து கற்ற அச்சிறுவர், பரோடா மன்னரின் உதவியால் 1913இல் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார். பின்னர் இலண்டனிலும் பயின்று, பொருளியலில் டாக்டர் பட்டமும் வழக்கறிஞர் தகுதியும் பெற்றார்.

வரலாற்றை ஏட்டில் மட்டும் படித்து அமைந்தவர் அல்லர் அவர். 1818இல் பேஷ்வாவின் படையை எதிர்த்து நின்ற மகர் வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்ட கோரேகான் நினைவுத் தூணுக்கு 1927 சனவரி முதல் நாள் சென்று வணக்கம் செலுத்தினார். அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில் மகாடு நகரின் சவுதார் குளத்து நீரைத் தம் மக்களுடன் அள்ளிப் பருகினார்.

1934இல் அண்ணலும் ஏறத்தாழ முப்பது தோழர்களும் எல்லோராக் குகைகளைக் காணப் புறப்பட்டனர். வழியில், அன்று நிஜாம் ஆட்சியில் இருந்த தௌலதாபாத் கோட்டையில் இறங்கினர். தேவகிரி என்னும் பெயருடன் யாதவ மன்னர்களின் தலைநகராய் விளங்கிய கோட்டை அது. வழிப்புழுதி படிந்திருந்தமையால், வாயிலருகே இருந்த குளத்தில் முகமும் காலும் கழுவிக்கொண்டனர். தீண்டத்தகாதோர் குளத்தைத் தீட்டாக்கிவிட்டனர் என்று முதியவர் ஒருவர் கூச்சலிட்டார். கூட்டம் கூடியது, வசைமொழிகள் பெருகின, கைகலப்பு நேரும் நிலை உண்டாயிற்று. முடிவில், கோட்டைக்குள் எங்கும் நீரைத் தொடலாகாது என்ற கட்டளையுடன், காவல் வீரர் ஒருவர் உடன்வரவே உள்ளே விடப்பட்டனர். உலகின் பெரும் பல்கலைக்கழகங்கள் போற்றிய அறிஞருக்கு இந்நாட்டில் கிடைத்த வரவேற்பு இதுதான்!

அந்த அவமதிப்பை அண்ணல் மறக்கவில்லை. தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்தார். அவர் தந்த விடையோ கல்வியாக இருந்தது. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அக்கோட்டைக்கு அணித்தே உள்ள ஔரங்காபாத்தில் 1950இல் கல்லூரி கண்டார். புத்த துறவி நாகசேனரிடம் வினாத் தொடுத்த மிலிந்த மன்னனின் பெயரை அது தாங்கிற்று. நீர் மறுக்கப்பட்ட மண்ணிலேயே அறிவூற்றைத் தோண்டினார் அவர்!

1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பௌத்தம் தழுவிய அண்ணல், அவ்வாண்டு டிசம்பர் 6இல் மறைந்தார். அவர் தங்கிய இலண்டன் இல்லம் 2015இல் நினைவகமாயிற்று. அவர் பயன்படுத்திய பொருள்களைப் பூனா நகர அருங்காட்சியகம் காத்து வருகிறது.

இளைஞர்களே! நாம் இன்று கட்டணச் சீட்டுப் பெற்று எக்கோட்டையினுள்ளும் நுழைகிறோம். அவ்வாயில்கள் தாமே திறந்துகொள்ளவில்லை. அருங்காட்சியகம் செல்லுங்கள், கல்வெட்டைப் படியுங்கள், அங்கே நம் முன்னோர் பெயர் உளதா எனத் தேடுங்கள். இல்லையெனில், ஏன் இல்லை என்று கேளுங்கள். அக்கேள்வியைக் கேட்கும் துணிவை வளர்ப்பதே நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக ஆற்றிவரும் பணியாகும்.