டாக்டர் மேரி இரட்ணம்: வீட்டிலிருந்து ஊருக்கு

எமது பாடசாலையில் படித்தவர்கள் இன்று உலகின் பல பாகங்களிலும் வாழ்கிறார்கள். அவர்களிற் பலருக்குக் கனடாவின் ஒன்ராறியோ மாகாணமே இப்போது ஊர். அதே மாகாணத்தில் 1873ஆம் ஆண்டு பிறந்து, நம்மவர் சென்ற வழிக்கு எதிர்வழியாக வந்து, இலங்கையைத் தமது நாடாக்கிக்கொண்டவர் டாக்டர் மேரி இரட்ணம். ஒரு தமிழரின் மனைவியாக, பிள்ளைகளை வளர்த்த தாயாக, வைத்தியராக, கைம்மாறு கருதாத தொண்டராக அவர் வாழ்ந்த வாழ்வை இந்த நூற்றாண்டு மலரில் நினைவுகூர்வது பொருத்தமெனக் கருதுகிறேன்.

பெண்கள் வைத்தியராவது அரிதாக இருந்த காலத்தில், மேரி ஹெலன் ஏர்வின் என்ற அந்த இளம்பெண் ரொறன்ரோவில் பெண்களுக்கென இருந்த மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1896இல் தேறினார். அமெரிக்க மிஷன் அவரை யாழ்ப்பாணத்துப் பெண்களிடையே வைத்தியப் பணி செய்யத் தெரிவுசெய்தது. அக்காலத்திலே அமெரிக்காவிற் படித்துக்கொண்டிருந்த தமிழ் இளைஞர் சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரட்ணத்தைச் சந்தித்து, அதே ஆண்டில் அவரை மணந்தார்.

அந்தத் திருமணம் அவருடைய வேலைக்கே வினையாயிற்று. சுதேசி ஒருவரை மணந்த வெள்ளைக்காரப் பெண்ணுடன் சேர்ந்து பணியாற்ற இங்கிருந்த மிஷனரிமார் மறுத்துவிட்டனர். சுதேசிகளுக்குத் தொண்டு செய்யவென்றே கடல் கடந்து வந்தவர்கள், அவர்களுள் ஒருவரைக் குடும்பத்தவராக ஏற்ற பெண்ணை ஒதுக்கி வைத்தார்கள். இருபத்து மூன்று வயதில், முன்பின் அறியாத நாட்டில், நம்பி வந்த வேலை கையைவிட்டுப் போனது. அவர் கனடாவுக்குத் திரும்பவில்லை. கணவருடன் கொழும்புக்குச் சென்று, லேடி ஹவ்லொக் பெண்கள் வைத்தியசாலையிற் சிறிது காலம் கடமையாற்றிய பின் தனியாக வைத்தியத் தொழிலை நடத்தினார். ஆண் வைத்தியரிடம் செல்லத் தயங்கிய பெண்கள் அவரை நாடி வந்தனர். யாழ்ப்பாணம் இழந்த வைத்தியர் நாடு முழுவதற்கும் உரியவரானார்.

நோயாளரைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஒன்று விளங்கியிருக்க வேண்டும். தாய்மாரையும் குழந்தைகளையும் வாட்டிய நோய்களிற் பெரும்பாலானவை வீட்டிலேயே தொடங்குபவை. சுத்தமில்லாத தண்ணீர், போதாத உணவு, ஓய்வில்லாத பிள்ளைப்பேறு ஆகியவற்றுக்கு மருந்துப் போத்தலில் மருந்தில்லை. 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்குச் சுமார் 2,000 தாய்மார் இறந்தனர். இன்று மகப்பேறு விடுதியிற் கடமை செய்யும் எங்களால் நினைத்துப் பார்க்கவே முடியாத கணக்கு இது. மேரி இரட்ணம் வைத்தியத்தை விடாமலே, பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சுகாதார நூல்களை எழுதினார். தாய்மாருக்குக் குழந்தை வளர்ப்பைக் கற்பித்தார்.

பெண்கள் ஒன்றுகூடினால்தான் இந்தக் கல்வி நிலைக்கும் என அவர் நம்பினார். 1909இல் கொழும்பில் தமிழ் மாதர் சங்கம் உருவாக முன்னின்றார். இசையும் நடனமும் கற்பிக்கும் கலாலயத்தை நடத்திவருவது அந்தச் சங்கமே. 1927இல் ஆக்னஸ் டி சில்வா முதலியோருடன் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்திற் சேர்ந்து, டொனமூர் ஆணைக்குழுவின் முன் பெண்களுக்காக வாதாடினார். யாழ்ப்பாணத்திற் பெண் கல்விக்குப் பெருந்தொண்டாற்றிய சேர் பொன்னம்பலம் இராமநாதன்கூட அன்று பெண்களின் வாக்குரிமையை எதிர்த்தார். அப்படியிருந்தும் 1931இல் இருபத்தொரு வயது நிரம்பிய பெண்கள் ஆண்களோடு சமமாக வாக்களித்தனர்.

அவருடைய தொண்டுகளில் என் மனதை அதிகம் தொட்டது 1930இல் அவர் தொடங்கிய லங்கா மகிளா சமிதி. இதற்கு முன்மாதிரி அவருடைய பிறந்தகத்திலேயே இருந்தது. ஒன்ராறியோவில் அடிலெய்ட் ஹூட்லெஸ் என்ற தாய் 1889இல் தம் கைக்குழந்தையைப் பறிகொடுத்தார். பழுதான பாலே அதற்குக் காரணமெனச் சொல்லப்படுகிறது. தாய்மாரின் அறியாமையாற் பிள்ளைகள் சாகக்கூடாது என்ற எண்ணத்தோடு அவர் உழைக்க, 1897இல் கிராமத்துப் பெண்களின் முதற் சங்கம் அங்கே உருவாயிற்று. அந்த முறையையே மேரி இரட்ணம் நம்முடைய கிராமங்களுக்கு ஏற்றபடி அமைத்தார். போசாக்கு, சுத்தம், வீட்டுத்தோட்டம், நெசவு, கைப்பணி எல்லாம் அங்கே கற்பிக்கப்பட்டன. படிக்காத பெண்ணும் கூட்டத்தில் எழுந்து பேசப் பழகினாள். ஒருத்தி கற்றதை அயலவளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். பட்டணத்துச் சீமாட்டிகள் கிராமத்துக்குத் தானம் வழங்கும் முறை வேறு, கிராமத்துப் பெண்கள் தாமே தம்மை உயர்த்திக்கொள்ளும் இந்த முறை வேறு.

1937இல், அறுபத்து நான்கு வயதில், கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவான முதற் பெண்மணி அவரே. சட்ட நுணுக்கம் ஒன்றைக் காரணங்காட்டி அந்தப் பதவி பறிக்கப்பட்டபோதும் அவருடைய பொதுப்பணி நின்றுவிடவில்லை. கருத்தடையைப் பற்றிப் பேசுவதே வெட்கமெனக் கருதப்பட்ட நாட்களில் அதைத் துணிந்து பேசினார். எண்பதாவது வயதிலும், 1953இல் குடும்பத் திட்டச் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார். மக்சேசே விருது முதன்முதலாக வழங்கப்பட்ட 1958இல், பொதுச்சேவைக்கான விருது அவருக்கே கிடைத்தது. 1962இல் காலமானார்.

இன்று எம்மிற் பலர் பிள்ளைகளையும் தொழிலையும் சமாளிக்கவே நேரமின்றித் தவிக்கிறோம். பிள்ளைகள் வளரட்டும், பிறகு பார்க்கலாம் எனப் பொதுவேலையைத் தள்ளிப்போடுகிறோம். களைத்துப்போன எந்தத் தாயையும் நான் குறை கூற மாட்டேன். ஆனால் மேரி இரட்ணம் தாய்மையையும் தொண்டையும் இரண்டு வேலைகளாகப் பிரித்து வைக்கவில்லை. தம் வீட்டில் ஒரு தாய்க்குத் தேவையானது எதுவோ அதுவே அடுத்த வீட்டுத் தாய்க்கும் தேவை என்ற இடத்திலிருந்து அவர் தொடங்கினார்.

கொழும்பிலோ, இலண்டனிலோ, மெல்பேணிலோ, ரொறன்ரோவிலோ இம்மலரைக் கையிலெடுக்கும் சகோதரிகளே, இரத்தத்தில் சீனி கூடியதை அறியாத ஒரு மாமியும், புதிய நாட்டிற் தனியாகப் பிள்ளைபெற்றுத் திகைக்கும் ஒரு தங்கையும் உங்கள் தெருவிலும் இருக்கலாம். பத்துப் பெண்கள் மாதமொருமுறை கூடி, தெரிந்ததைத் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கப் பெரிய நிதியோ கட்டடமோ தேவையில்லை. எமது சங்கத்தின் இரண்டாம் நூற்றாண்டில் அப்படிச் சில கூட்டங்களேனும் தொடங்கட்டும்.